கரையோரக் கோரை: நட்டும் அறுத்தும் அறிந்தவை

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் இடையில், கன்னடியன் கால்வாய்த் தண்ணீரை நம்பியிருக்கும் ஒரு குளத்தின் ஓரத்திலும், அதன் மடைக்குக் கீழே ஆண்டு முழுவதும் கசிவு நிற்கும் எங்கள் பள்ள வயலிலும் நீண்ட காலமாகப் பாய்க்கோரையைப் பராமரித்து வருகிறேன். தாமிரபரணிப் பாசனத்தில் கோரை புதிதாக வந்த பயிர் அன்று. பத்தமடைப் பாய் உலகறிந்த பொருளானதற்கு இந்த ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் தானாக வளர்ந்த கோரையே அடிப்படை. ஆனால் இன்று அங்கே நெய்யப்படும் பாய்களுக்கான கோரையில் பெரும்பங்கு கரூர், நாமக்கல், முசிறிப் பகுதிகளின் காவிரிக் கரையிலிருந்து லாரியில் வருகிறது. எங்கள் கரைகளில் கோரை அருகிப்போனதற்கு மண்ணையோ மழையையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறுப்பதற்கு ஆள் இல்லாமல் போனதும், அறுக்கப்படாத கோரை அடைசலாகி, அடைசலைக் களையென்று கருதி இயந்திரத்தால் வேரோடு வாரியதும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை. கோரையை அறுத்துப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கும் கரையில்தான் கோரை நிலைக்கிறது என்பதை என் கண்முன்னே பார்த்திருக்கிறேன். இங்கே எழுதுவனவெல்லாம் அந்தப் பார்வையிலிருந்து வருபவை.

நடவைப் பற்றிப் பேசுமுன் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும், ஏனெனில் கோரை என்ற பெயரில் எங்கள் பக்கத்தில் பல செடிகள் வழங்குகின்றன. நெல் வயலில் தொல்லை தரும் கோரைக்கிழங்குச் செடி வேறு. அது முழங்காலுக்கு மேல் வளராது, பாய்க்கும் உதவாது. பாய்க்கு உதவுபவை சைபெரஸ் பங்கோரை, சைபெரஸ் கோரிம்போசஸ் என்று தாவரவியலார் பெயரிட்டிருக்கும் உயர்ந்த இனங்கள். எகிப்தியர் எழுதுவதற்குத் தாள் செய்த பாப்பிரசும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். கோரைக் குடும்பத்தில் உலகெங்கும் 5,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன என்றாலும், கரையில் நின்றுகொண்டு கோரையையும் புல்லையும் பிரித்தறிய விரல்களே போதும். நாணல் போன்ற புல்லின் தண்டில் கணுக்கள் இருக்கும், கணுக்களுக்கு இடையில் பெரும்பாலும் பொள்ளலாக இருக்கும். கோரையின் தண்டு அடியிலிருந்து பூங்கொத்து வரை கணுவே இல்லாமல் ஒரே வீச்சாக ஓடும், உள்ளே சோறு எனப்படும் பஞ்சுபோன்ற மென்பகுதி நிறைந்திருக்கும். பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையில் மெல்ல உருட்டினால் மூன்று பட்டைகள் தெளிவாகத் தட்டுப்படும். சம்பைப் பலர் கோரையென்று எண்ணுகிறார்கள். சம்பின் தட்டையான நீண்ட இலையையும் பழுப்பு நிற உருளைக் கதிரையும் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு குழப்பம் வராது.

நாற்றுப்பண்ணைகளில் தோட்டத்து அழகுக்காக விற்கப்படும், தண்டின் உச்சியில் குடைபோல இலைகள் விரியும் ஆப்பிரிக்கக் கோரையை மட்டும் தயவுசெய்து குளக்கரையில் கொண்டுவந்து நட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது தொட்டிக்குள் இருக்க வேண்டிய செடி. நம் கரைக்கு நம் கால்வாயில் ஏற்கெனவே நிற்கும் கோரையே ஏற்றது. அதன் வேர் இந்த மண்ணையும், ஜூனில் வந்து மார்ச்சில் நின்றுபோகும் இந்தத் தண்ணீரின் நடையையும் அறிந்த வேர்.

ஒரு பச்சைத் தண்டைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பது பயனுள்ள பழக்கம். வெளியே கண்ணாடிப் பளபளப்புள்ள மெல்லிய பச்சைத் தோல். அதற்குள் வெண்ணிறச் சோறு. அந்தச் சோறு முழுவதும் ஊசி முனையளவு காற்றறைகள். இந்தச் சிறு அறைகளின் வழியாகத்தான் மேலே உள்ள காற்று, சேற்றுக்குள் மூச்சுக்கு வழியில்லாமல் கிடக்கும் வேர்த்தண்டுக்கு இறங்குகிறது. தோல்தான் பாயாகிறது; சோறுதான் செடியை உயிரோடு வைத்திருக்கிறது. எங்கே நடுவது, எந்த உயரத்தில் அறுப்பது, எப்போது அறுப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த வெட்டுமுகத்திலேயே இருக்கிறது என்பேன்.

குளத்தின் ஓரம் வெளிப்பார்வைக்கு ஒரே சரிவாகத் தோன்றினாலும் அதில் மூன்று பட்டைகள் உண்டு. குளம் பெருகும்போது சில நாள் மட்டும் நனையும் மேல்பட்டையில் அருகும் பிற புற்களும் வளரும். கோடையிலும் தண்ணீர் வற்றாத கீழ்ப்பட்டையில் சம்பும் அல்லியும் தாமரையும் இடம்பிடிக்கும். ஆண்டில் சில மாதம் தண்ணீருக்குள்ளும் சில மாதம் வெறும் ஈரத்திலும் கிடக்கும் நடுப்பட்டைதான் கோரைக்குரிய இடம். கணுக்காலிலிருந்து முழங்கால் வரையிலான ஆழத்தில் கோரை செழிக்கிறது. இடுப்பளவு தண்ணீர் தொடர்ந்து நின்றால் தூர் மெலிந்து, பிறகு காணாமலே போய்விடுகிறது. இந்த நடுப்பட்டையைக் கண்ணளவில் குறிப்பது கடினம். பிசானம் என்னும் மழைக்கால நெல் பருவத்துக்கு வந்த தண்ணீர் முழுதாக நிற்கும் மார்கழியில் நீர்விளிம்பு நெடுகக் குச்சிகளை அடித்துவிட வேண்டும். அதன்பின் வைகாசியில், ஜூனில் தொடங்கும் கார் நெல் பருவத்துத் தண்ணீர் வருமுன், சேறு இன்னும் காயாமல் இருக்கும் கோட்டில் இன்னொரு வரிசைக் குச்சிகளை அடிக்க வேண்டும். இரண்டு வரிசைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் மேற்பாதி கோரைக்குப் பொருந்தும். இதற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது உண்மைதான்; காத்திருந்து குறித்த இடத்தில் நட்ட தூர்கள் பிழைத்த அளவுக்கு, அவசரமாக நடப்பட்டவை எங்கள் சுற்றுவட்டாரத்தில் எங்குமே பிழைக்கவில்லை.

நடவுக்கு நான் தேர்ந்தெடுப்பது மாசிக் கடைசியும் பங்குனியும். அப்போது குளம் மெல்ல இறங்கத் தொடங்கியிருக்கும். இறங்கும் விளிம்பைப் பின்தொடர்ந்து, அன்றன்று வெளிப்படும் குழைந்த சேற்றில் நட்டுக்கொண்டே போனால் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவை வருவதில்லை. கார்த்திகையில் பெருவெள்ளம் வருமுன் வேர் பிடிப்பதற்கு ஏழெட்டு மாத அவகாசமும் கிடைக்கிறது. சித்திரை வெயிலில் மேல்தண்டுகள் காய்ந்து பழுத்துப்போவதைப் பார்த்துப் பலர் நடவு பட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சேற்றுக்குள் வேர்த்தண்டு ஈரத்தோடு இருக்கும்வரை கவலையில்லை; கால்வாயில் தண்ணீர் திறந்த சில வாரங்களில் வெள்ளை முனைகள் தலைகாட்டும்.

விதையை நம்பி நடவு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோரை விதையாலும் பரவும் என்றாலும், கரையோரத்தில் விதை எங்கே ஒதுங்கும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. மண்ணோடு பெயர்த்த தூரே நம்பகமானது. செழிப்பான ஒரு கூட்டத்தின் ஓரத்திலிருந்து, மூன்று நான்கு தண்டுகளும் வெளிர்நிறப் புதுமுளைகளும் உள்ள துண்டுகளாக, ஒரு சாண் ஆழச் சேற்றோடு மண்வெட்டியால் வெட்டி எடுக்க வேண்டும். ஒரே கூட்டத்திலிருந்து நிறைய எடுத்தால் அந்த இடம் பள்ளமாகி அலை உள்ளே நுழையும். எடுத்த தூரின் தண்டுகளை முழங்கை நீளத்துக்கு நறுக்கி, ஈரச்சாக்கில் சுற்றி, அன்றே நட்டுவிடுவது நல்லது. தண்டை அதற்கும் கீழே நறுக்கக் கூடாது, ஏனெனில் தண்ணீர் எதிர்பாராமல் ஏறினால் நறுக்கிய முனை மூழ்கி, காற்றறைகளில் நீர் புகுந்து தூர் அழுகிவிடும். வரிசைக்கு வரிசை ஓரடி முதல் ஒன்றரை அடி இடைவெளி விட்டு, ஒரு வரிசையின் தூர் அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக வருமாறு மாற்றி மாற்றி நட்டால், ஈராண்டுக்குள் வேர்த்தண்டுகள் தாமாகவே இடையை நிரப்பிக்கொள்கின்றன.

நடவு செய்த முதல் ஆண்டில் அலையும் ஆடுமாடுகளுமே பெரிய இடைஞ்சல்கள். எங்கள் மாவட்டத்தில் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. அதனால் குளங்களின் பெருங்கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆனி, ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசும்போது குளத்தின் முழு அகலத்தையும் கடந்து வரும் அலை நேராகக் கரையில் வந்து மோதும். வேரூன்றாத தூர் அந்த அலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் மிதந்துவிடுகிறது. நாங்கள் விழுந்த தென்னை மட்டைகளை நடவுக்கு முன்னால், தண்ணீர்ப் பக்கத்தில் கரைக்கு இணையாகப் படுக்க வைத்து, மூங்கில் முளைகளால் இறுக்கினோம். மட்டை மட்கிப்போவதற்குள் வேர் பிடித்துவிடும் என்பதால் அதைத் திரும்ப எடுக்க வேண்டியதும் இல்லை. ஆடும் எருமையும் இளந்தளிரை விரும்பித் தின்னும். வேலிக்கென்று பணம் செலவழிக்காமல், கரையிலிருந்து அகற்ற வேண்டிய சீமைக் கருவேல முள்ளையே வெட்டி அடைத்தோம்; எருமைகள் தண்ணீருக்கு இறங்க ஒரு துறையை மட்டும் திறந்து விட்டோம். அந்தத் துறையை விடாமல் அடைத்திருந்தால், மாடு மேய்ப்பவர்கள் முள்ளைப் பிரித்துப் போட்டிருப்பார்கள், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

வேரூன்றிய கோரை கரைக்கு என்ன செய்யும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழை எங்களுக்குக் காட்டிற்று. அன்று காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி தன் வரலாற்றின் பெரும் வெள்ளங்களில் ஒன்றைக் கண்டது. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் கால்வாய்ப் பகுதியை நடந்து பார்த்தபோது, ஓரத்தை வழுவழுப்பாகச் செதுக்கிவிட்டிருந்த நீளத்தில் கரை பாளம் பாளமாகச் சரிந்து கிடந்தது. கோரை அடர்ந்திருந்த நீளத்தில் தண்டுகளெல்லாம் ஓட்டம் போன திசையில் படுத்துக்கிடந்தன, அவற்றின் மேல் வண்டல் ஒரு படலமாகப் படிந்திருந்தது, அடியில் மண் கலையாமல் இருந்தது. வெள்ளம் வேகமாகப் போகும்போது கோரை எதிர்த்து நிற்பதில்லை. படுத்து, மண்ணை மூடிக்கொள்கிறது. ஓட்டம் தணிந்த சில நாட்களில் நுனிகள் மீண்டும் மேல்நோக்கி வளைந்தன. அதே வேளையில் கால்வாய் வளையும் இடத்தில், வெளிப்பக்கக் கரையைத் தண்ணீர் அடியிலிருந்தே குடைந்ததால், கோரையும் மண்ணுமாகச் சேர்ந்தே பெரிய துண்டாகப் பெயர்ந்து போனதையும் சொல்ல வேண்டும். கோரை மேல்மண்ணை அரிப்பிலிருந்து காக்கும். அடியறுப்பைத் தடுக்க அதனால் முடியாது. அப்படிப்பட்ட வளைவில் கல் அடுக்கியே ஆக வேண்டும், கல்லுக்கு இடையிலும் மேலேயும் வேண்டுமானால் கோரையை நடலாம்.

அறுப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கோரை நிலைப்பதும் அழிவதும் அரிவாள் பிடிக்கும் கையைப் பொறுத்தது. எங்கள் பக்கத்தில் அறுப்புக் காலம் இரண்டு: மாசி, பங்குனியில் ஒன்று, புரட்டாசி, ஐப்பசித் தொடக்கத்தில் ஒன்று. இரண்டிலும் தண்டு பச்சையாக இருக்கும்போதே அறுக்க வேண்டும். பூங்கொத்து விரிந்து, இன்னும் செம்பழுப்பாக முற்றாத நேரமே சரியான பருவம். முற்றவிட்டால் தோல் தடித்து, மடக்கினால் முறியும். பிஞ்சில் அறுத்தால் காயும்போது சுருங்கி நூலிழையாகத் திருகிப்போகும். பல தலைமுறையாகக் கோரை அறுத்துவரும் குடும்பத்தைச் சேர்ந்த அண்ணாச்சி ஒருவர், தண்டின் நடுப்பகுதியை விரலில் ஒருமுறை சுற்றிப் பார்த்தே பருவம் சொல்லிவிடுவார். தோலில் வெடிப்பு விழாமல், விட்டவுடன் தண்டு மெதுவாக விரிந்தால் அறுக்கலாம். சட்டென்று நிமிர்ந்தால் முற்றல், நிமிராமலே தொய்ந்தால் பிஞ்சு.

மாசி அறுப்பில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருப்பதால் கவலை குறைவு. தரையிலிருந்து நான்கு விரல் கட்டை விட்டு அறுத்தால் போதும். புரட்டாசி அறுப்பில்தான் கவனம் தேவை. அறுத்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், குளம் ஏறும், குட்டையாக அறுபட்ட கட்டைகள் தண்ணீருக்குள் போய்விடும். அறுபட்ட முனை தண்ணீருக்கு மேலே இருந்தால் அதன் வழியாகக் காற்று இறங்கி, வேர்த்தண்டு புதுமுளை விடும். எல்லா முனைகளும் மூழ்கிவிட்டால் வேர்த்தண்டு மூச்சு முட்டிச் சேற்றிலேயே அழுகிவிடும். சம்பை ஒழிக்க விரும்புகிறவர்கள் அதைத் தண்ணீருக்கு அடியில் வெட்டிவிடுவது இதனால்தான். ஆகவே புரட்டாசியில் நான் மேல்பக்கத்துக் கோரையை மட்டுமே அறுக்க விடுகிறேன், அதையும் ஒரு முழம் கட்டை விட்டு. நெசவுக்கு நீளமான தண்டுதான் வேண்டும், ஒரு முழத்தை இழக்கலாமா என்று அறுப்பவர்கள் கேட்பது நியாயமே. அந்த நீளத்தை இழந்த இடத்தில் அடுத்த மாசியில் கோரை இருக்கிறது. இழக்க மனமில்லாமல் ஒட்ட அறுத்த பக்கத்துக் கரையில் சம்பும் ஆகாயத்தாமரையும் இருக்கின்றன.

ஒரே ஆண்டில் குளத்தின் முழு ஓரத்தையும் அறுப்பதில்லை. ஓரத்தை நான்கு பங்காகப் பிரித்து, ஒரு பங்கையாவது எப்போதும் அறுக்காமல் விட்டுவைக்கிறோம். நீலத் தாழைக்கோழியும் தாழைக்கோழியும் முக்குளிப்பானும் அந்த அடர்த்திக்குள் கூடு வைக்கின்றன. முற்றிய கோரை மணியைத் தின்னச் சில்லைகள் கூட்டமாக வருகின்றன. அரிவாளோடு இறங்குமுன் அமைதியாகச் சிறிது நேரம் கரையில் உட்கார்ந்து பறவைகளின் போக்குவரத்தைப் பார்த்தால் கூடு எங்கே என்று தெரிந்துவிடும், அந்த இடத்தைச் சுற்றி விட்டுவிடலாம். ஒரு நாள் காலையில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, ஒரே தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தும்பிகளின் வெற்றுத் தோல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நீருக்குள் வாழ்ந்த இளம்பருவம் தண்டைப் பற்றி ஏறி, முதுகில் கீறல் விட்டு, சிறகோடு வெளியேறிய பின் விட்டுச்சென்ற கூடுகள் அவை. ஒவ்வொன்றின் முதுகுப் பிளவிலும் வெண்ணிற நூல்கள் தொங்கின, ஆறு கால்களும் தண்டை இறுகப் பற்றியபடியே இருந்தன. ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் தண்டு இல்லாத குளத்தில் இவை ஏறி வருவதற்கு இடமே இருக்காது. வயலில் கொசுவையும் சிறு பூச்சிகளையும் பிடித்துத் தின்னும் தும்பி நெல்லுக்கும் நண்பன் என்பதால், கோரையை எதிர்த்த விவசாயிகள் சிலரிடம் பேசும்போது இதையும் சொன்னேன்.

அவர்களுடைய எதிர்ப்பில் பாதி சரியானது என்பதை ஒப்புக்கொண்டே பேச வேண்டும். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சிறுவாய்க்காலின் நடுவில் கோரை வளர்ந்தால் ஓட்டம் தடைப்படும், வண்டல் தங்கும், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச்சேராது. மடைக்கு முன்னாலும், குளத்தின் உபரித் தண்ணீர் வெளியேறும் மறுகாலிலும் கோரை நிற்கவே கூடாது. அந்த இடங்களில் தோண்டி எடுத்துவிட வேண்டும். எடுத்த தூரை வீசிவிடாமல் குளத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய் நட்டால் நடவுக்கும் செலவில்லை. பிரச்சினை எழுவது, குளத்தின் ஓரம் முழுவதையும் ஒரே வாரத்தில் வாரி எறியும்போதுதான். சில ஆண்டுகளுக்கு முன் தூர்வார வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், வடபகுதியில் கோரை நின்ற சரிவையும் சேர்த்துச் செங்குத்தாக வெட்டிவிட்டார். செங்குத்தாக வெட்டப்பட்ட ஓரத்தில் நடுப்பட்டை என்பதே இல்லாமல் போய்விடுகிறது. மேலே காய்ந்த கரை, கீழே இடுப்பளவு ஆழம், இடையில் கோரை கால் வைக்க இடமில்லை. அங்கே இன்று வரை கோரை தானாகத் திரும்பவில்லை. அதன் பிறகு தூர்வாரும் வேலை வரும்போதெல்லாம் இயந்திரம் இறங்குமுன்பே ஓட்டுநரை அழைத்துச் சென்று, குச்சிகள் நட்டுக் கயிறு கட்டிய கோட்டைக் காட்டி, அந்தக் கோட்டுக்குக் கரைப்பக்கம் வாளியை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். காகிதத்தில் மனு எழுதுவது அவசியம், ஆனால் கயிறுதான் வேலை நடக்கும் இடத்தில் பேசுகிறது. வண்டல் பெரும்பாலும் குளத்தின் ஆழப்பகுதியிலேயே கிடக்கிறது, எனவே ஓரத்தை விட்டுவிடுவதால் கொள்ளளவில் பெரிய இழப்பு நேர்வதில்லை.

அறுத்த கோரை அன்று மாலைக்குள் கிழிபட வேண்டும். ஈரம் போன தண்டு நேராகப் பிளக்காது. தண்டின் அடிமுனையில் கத்தியை நுழைத்து, இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைக் கத்தி முதுகால் வழித்துவிட்டால் தோல் மட்டும் நாடாவாக மிஞ்சும். சாதாரணப் பாய்க்கு இது போதும். நயமான பட்டுப்பாய்க்கு இன்னும் மெல்லியதாகக் கிழிக்க வேண்டும். வெயிலில் காயவைக்கும்போது பச்சை மறைந்து வைக்கோல் நிறமும் பிறகு பொன்னிறமும் வரும். காயும் நாட்களில் ஒரு மழை பட்டாலும் கரும்புள்ளிகள் விழுந்துவிடும், அவற்றை எந்தச் சாயமும் மறைக்காது. எங்கள் வட்டாரத்தில் மாசி அறுப்புக்கு மதிப்பு அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம். மெல்லிய நெசவுக்குப் போகும் கோரையைக் காய்ந்த பிறகு கட்டுகளாகக் கட்டி, ஓடும் தண்ணீரில் சில நாள் ஊற வைக்கிறார்கள். தேங்கிய தண்ணீரில் ஊற வைத்தால் நாற்றமும் கறையும் ஏறும். ஆறும் கால்வாயும் ஓடினால்தான் நல்ல பாய் என்று பத்தமடையில் சொல்வதற்குப் பொருள் இங்கே இருக்கிறது. ஊறிப் பருத்த நாடாவை மீண்டும் உலர்த்தி, மீண்டும் கிழித்து, பருத்திப் பாவில் ஊடாகக் கொடுத்து நெய்கிறார்கள். நெசவின் நயத்தைக் குறிக்கும் எண்ணில் (கவுண்ட்) 100 முதல் 140 வரையிலான பாயைத் துணியைப் போலவே மடிக்கலாம். செந்நிறத்துக்கு முன்பு சப்பங்கி மரச்சாயம் பயன்பட்டது. இன்று பெரும்பாலும் செயற்கைச் சாயங்கள்.

எங்கள் கோரையை வாங்கும் நெசவாளர், நாங்கள் அக்கா என்ற முறையில் லாத்தா என்று அழைப்பவர், கட்டைப் பிரித்தவுடன் ஒரு நாடாவை எடுத்து நகத்தால் நுனியில் கீறி, அடிவரை கிழித்துப் பார்ப்பார். கீறல் பாதியில் பக்கவாட்டில் ஓடினால் அந்தக் கட்டை ஒதுக்கிவிடுவார். யூரியா போட்ட வயல் கோரையில் கீறல் இப்படி ஓடுவதை அவர் தொடர்ந்து கண்டிருக்கிறார். “உங்க வயல் கோரை பார்க்கத்தான் தம்பி கொழுகொழுன்னு இருக்கு, கிழிச்சா நிக்க மாட்டேங்குது, குளத்துக் கோரையையே கொடுங்க” என்று ஒரு முறை சொன்னார். அதன்பின் வயல் கோரைக்கும் மட்கிய சாணத்தைத் தவிர எதையும் போடுவதில்லை. வளர்ச்சி மெதுவாகியது, தண்டின் பருமன் குறைந்தது, ஆனால் தோல் உறுதிப்பட்டு, நயமான நெசவுக்கும் எடுத்துக்கொள்ளும் தரத்துக்கு வந்தது. மணமக்களின் பெயரும் நாளும் நெய்த கல்யாணப் பாய்கள் சிலவற்றில் எங்கள் குளத்துக் கோரை இருக்கிறது என்பதை நான் பெருமையோடு சொல்லிக்கொள்வேன்.

வருமானத்தைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு சாதாரணக் கோரைப் பாய்க்கு விலை இல்லை. நயமான பாய்க்கு விலை உண்டு, ஆனால் அதை நெய்யத் தெரிந்த கைகள் குறைவு. கரையோரக் கோரையிலிருந்து ஒரு குடும்பம் முழுநேரமாகப் பிழைக்க முடியாது. நெல் போட்டால் ஆண்டுதோறும் அழுகும் பள்ள வயல் வைத்திருப்பவருக்கு, ஒருமுறை நட்டால் பல ஆண்டு உழவின்றி அறுவடை தரும் துணைப்பயிர் என்ற வகையில் அது பொருந்தும். அத்துடன் கரையும் நிற்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்; சரிந்த கரையைக் கட்ட ஊர் ஒவ்வொரு முறையும் செலவிடும் பணம் யாருடைய நெல் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

தொடங்க விரும்புகிறவர்கள் பொதுக்குளமாக இருந்தால் முதலில் நீர்வளத் துறையிடமோ ஊராட்சியிடமோ, குளம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று விசாரித்து எழுத்தில் அனுமதி பெற வேண்டும். மீன் குத்தகை எடுத்திருப்பவரையும் பாசன விவசாயிகளையும் நடவுக்கு முன்பே அழைத்து, எந்த நீளத்தில் கோரை நிற்கும், எந்த இடங்களில் நிற்காது என்பதைக் கரையில் நடந்தே காட்டிவிடுவது நல்லது. எங்கள் குளத்தில் குத்தகைதாரர் முதலில் வலை வீச இடைஞ்சல் என்றார். குஞ்சு மீன்கள் கோரைக்குள் ஒதுங்குவதைக் கண்ட பிறகு, வலைக்கு இரண்டு திறப்புகள் மட்டும் போதும் என்று ஒத்துக்கொண்டார். முதல் நடவுக்கு ஐம்பதடி நீளத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நீளம் ஒரு பிசானத் தண்ணீரையும் ஒரு கோடையையும் தாங்கி நின்றால் அதிலிருந்தே மற்ற இடங்களுக்குத் தூர் எடுக்கலாம். அக்கம்பக்கத்துக் குளங்களில் நடுவதற்கு எங்கள் ஓரத்திலிருந்து ஆண்டுதோறும் தூர் கொடுத்து வருகிறோம். வருகிறவர்கள் மாசிக் கடைசியில், வெயில் ஏறுமுன், ஈரச்சாக்கோடு வர வேண்டும். அன்று மாலைக்குள் நட முடியாத தொலைவிலிருந்து வருபவர்களுக்கு, அவர்கள் ஊர்க் கால்வாயிலேயே மிஞ்சியிருக்கும் கோரையை முதலில் தேடிப் பார்க்கச் சொல்கிறோம்.